பைக்கில் லேப்டாப்பை மாட்டினால் என்ன தெரியும்?

இன்ஜின் நன்றாகச் சூடேறியிருக்கிறது. ரேடியேட்டர் பக்கம் கையைக் கொண்டுபோக முடியவில்லை. லேப்டாப் திரையிலோ கூலண்ட், அதாவது இன்ஜினைக் குளிர்விக்கும் திரவத்தின் வெப்பநிலை மைனஸ் 40 டிகிரி என்று இருக்கிறது. முதல்முறை பார்ப்பவருக்கு மென்பொருள் ஏதோ தப்பாகக் காட்டுகிறது என்றுதான் தோன்றும். ஆனால் பழுது எங்கே என்பதை அந்த ஓர் எண்ணே சொல்லிவிடுகிறது. வெப்பநிலை சென்சாருக்குப் போகிற ஒயர் அறுந்திருக்கலாம், அல்லது அதன் கப்ளர் (ஒயர்களை இணைக்கும் பிளாஸ்டிக் இணைப்பி) கழன்றிருக்கலாம். ஏன் சரியாக மைனஸ் 40 என்பதைப் பின்னால் பார்ப்போம்.

லேப்டாப்பை மாட்டியதும் “இந்தப் பாகம் கெட்டுப்போய்விட்டது, மாற்று” என்று திரையில் வந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி வராது. வண்டிக்குள் இருக்கிற சின்னக் கணினி இந்த நொடியில் தன் இன்ஜினைப் பற்றி என்ன நினைத்துக்கொண்டிருக்கிறது என்பதைத்தான் லேப்டாப் நமக்குக் காட்டுகிறது. அது நினைப்பதும் நிஜமும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டியது நாம். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் சுலபம்.

முதலில் அந்தச் சின்னக் கணினி. அதை ஈசியூ என்கிறோம். பெரும்பாலும் சீட்டுக்கு அடியிலோ பக்கவாட்டு மூடிக்குப் பின்னாலோ, உள்ளங்கை அளவுப் பெட்டியாக இருக்கும். கார்புரேட்டர் வண்டிகளில் பெட்ரோலையும் காற்றையும் கலப்பது முழுக்க இயந்திர வேலை. ஃப்யூயல் இன்ஜெக்ஷன் வண்டியில் அந்த முடிவை ஈசியூ எடுக்கிறது. நிமிடத்துக்கு 6000 சுற்றில் ஓடும் ஒரு நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில், ஒரு சிலிண்டருக்கு நொடிக்கு 50 முறை பெட்ரோல் தெளிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் இன்ஜெக்டர் எத்தனை மில்லி விநாடி திறந்திருக்க வேண்டும், எந்தக் கணத்தில் ஸ்பார்க் பிளக்கில் பொறி விழ வேண்டும் என்று ஈசியூ கணக்குப் போடுகிறது. அந்தக் கணக்குக்கு வேண்டிய தகவல்களைச் சென்சார்கள் தருகின்றன. கிராங்க் எங்கே சுற்றிக்கொண்டிருக்கிறது, த்ராட்டில் எவ்வளவு திறந்திருக்கிறது, உள்ளே வரும் காற்றின் அழுத்தமும் வெப்பமும் என்ன, இன்ஜின் எவ்வளவு சூடு, புகையில் ஆக்சிஜன் மிச்சம் இருக்கிறதா, வண்டி கீழே விழுந்துவிட்டதா என்பதெல்லாம் அதற்குத் தெரிய வேண்டும்.

ஈசியூவுக்குக் கண்ணும் கிடையாது, காதும் கிடையாது. அதற்குத் தெரிவதெல்லாம் ஒயரில் வரும் வோல்ட் மட்டும்தான். பல சென்சார்களுக்கு அதுவே 5 வோல்ட் கொடுத்து, திரும்பி வருவது எவ்வளவு என்று பார்க்கிறது. 0.6 வோல்ட் வந்தால் த்ராட்டில் மூடியிருக்கிறது, 4 வோல்ட்டைத் தொட்டால் முழுசாகத் திறந்திருக்கிறது என்பது போல. சுத்தமாக 0 அல்லது முழுசாக 5 வந்தால், நல்ல நிலையில் உள்ள சென்சாரிலிருந்து அப்படி வரவே வராது என்று அதற்குத் தெரியும். உடனே ஒரு பிழைக் குறியீட்டை நினைவில் எழுதிவைத்து, மீட்டரில் மஞ்சள் நிற இன்ஜின் விளக்கை ஏற்றிவிடும். நாம் லேப்டாப்பை மாட்டிப் படிப்பது இந்தக் குறிப்புகளைத்தான். கார்புரேட்டர் வண்டியில் இப்படிப் படிக்க ஒன்றும் இல்லை. இதற்காக அதில் லேப்டாப் மாட்டும் பிளக் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

எங்கே மாட்டுவது?

கார்களில் இந்த விஷயம் சீக்கிரமே ஒழுங்குக்கு வந்துவிட்டது. அமெரிக்காவில் 1996 முதல் விற்கும் கார்களில் பழுதுகளைப் படிப்பதற்கான ஓபிடி-2 என்ற பொது முறை கட்டாயமானது. 16 பின் (உலோக முனை) கொண்ட ஒரே வடிவ சாக்கெட், ஒரே வகைக் குறியீடுகள். பைக்குகள் வெகுகாலம் இந்த ஒழுங்குக்கு வெளியில்தான் இருந்தன. ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு பிளக் வைத்துக்கொண்டது. ஹோண்டாவில் 4 பின், சுசுகியில் 6 பின், பழைய டுகாட்டிகளில் 3 பின், பழைய பிஎம்டபிள்யூவில் வட்டமான 10 பின். ட்ரையம்ஃப் மட்டும் காரில் வரும் அதே 16 பின் சாக்கெட்டைப் பல வண்டிகளில் வைத்தது. ஐரோப்பாவின் யூரோ 4 புகைக் கட்டுப்பாட்டு விதி 2016இல் புதிய மாடல்களுக்கு வந்தபோதுதான் பைக்குகளுக்கும் ஓபிடி முதல் நிலை கட்டாயமானது. ஐஎஸ்ஓ 19689 என்ற தரநிலை பைக்குக்கென்று 6 பின் கொண்ட ஒரு பொது பிளக்கை வரையறுத்தது. 2020இல் தொடங்கிய யூரோ 5 காலத்து வண்டிகளில் பெரும்பாலும் இதைத்தான் பார்க்கலாம்.

உங்கள் வண்டியில் இது எங்கே இருக்கிறது என்று தேட ஆரம்பிக்க வேண்டிய இடம் சீட்டுக்கு அடியில், பேட்டரிக்குப் பக்கத்தில். அங்கே இல்லையென்றால் பக்கவாட்டு மூடிக்குள் பாருங்கள். எதனோடும் சேராமல் தனியாக, ரப்பர் மூடியோ போலிப் பிளக்கோ போட்டு, ஒயர் கட்டோடு சேர்த்துக் கட்டப்பட்ட ஒரு கப்ளர் இருந்தால் அதுவாக இருக்க வாய்ப்பு அதிகம். வாய்ப்பு அதிகம் என்றுதான் சொல்கிறேன். அலாரம், ஹீட்டர் கிரிப் மாதிரி துணைக்கருவிகளுக்கும் இப்படிச் சும்மா விடப்பட்ட கப்ளர்கள் இருக்கும். அதனால் சர்வீஸ் மேனுவலில் உள்ள ஒயரிங் படத்தைப் பார்த்து ஒயர் நிறங்களை ஒப்பிட்டுவிட்டே மாட்டுங்கள். பார்க்க ஒரே மாதிரி இருக்கும் 6 பின் கப்ளர்கள் வேறு வேறு நிறுவனங்களில் வேறு வேறு வரிசையில் ஒயர் கொண்டிருக்கும். உள்ளே நுழைகிறது என்பதற்காகப் பொருந்துகிறது என்று எடுத்துக்கொண்டால், தரவு போக வேண்டிய ஒயரில் 12 வோல்ட் போய்விடும்.

வண்டி பிளக்கிலிருந்து 16 பின் சாக்கெட்டுக்கு மாற்றிக் கொடுக்கும் சின்ன ஒயர் துண்டு கிடைக்கும். அதன் மறுமுனையில் எந்த ஓபிடி கருவியையும் மாட்டலாம். 16 பின் சாக்கெட்டில் எதெது எங்கே என்று தெரிந்துவைத்திருந்தால் மல்டிமீட்டரை வைத்துச் சரிபார்த்துவிடலாம். 16ஆம் பின் பேட்டரி பிளஸ், 4ம் 5ம் எர்த், 7 கே-லைன், 6ம் 14ம் கேன் (இந்த இரண்டும் ஈசியூ பேசும் முறைகள், சற்றுப் பின்னால் பார்ப்போம்). 4க்கும் 16க்கும் நடுவே பேட்டரி வோல்ட் வருகிறதா என்று முதலில் பாருங்கள். அது வரவில்லை என்றால் மேற்கொண்டு எதுவும் நடக்காது.

நடுவில் ஏன் ஒரு கருவி?

“பைக்கிலிருந்து வரும் ஒயரை நேராக யுஎஸ்பியில் சேர்த்துவிடக் கூடாதா?” என்று கேட்பவர்கள் உண்டு. கூடாது. லேப்டாப்பின் யுஎஸ்பி 5 வோல்ட்டில் வேலை செய்வது, பைக் 12 வோல்ட். நேராகச் சேர்த்தால் லேப்டாப் போய்விடும். அது மட்டுமல்ல, இரண்டும் பேசும் மொழியே வேறு. அந்த மொழிகளை இரண்டு குடும்பமாகப் பிரிக்கலாம்.

பழைய வண்டிகளில் பெரும்பாலும் இருப்பது கே-லைன். ஒரே ஒரு ஒயர். சும்மா இருக்கும்போது அதில் ஏறக்குறைய பேட்டரி வோல்ட் நிற்கும். பேச விரும்புகிறவர் அதை எர்த்துக்கு இழுத்து இழுத்து விடுவார். அந்த ஏற்ற இறக்கம்தான் செய்தி. ஒரு ஒயர் என்பதால் ஒருவர் பேசும்போது மற்றவர் கேட்க வேண்டும். வேகம் நொடிக்கு 10,400 பிட். முதலில் ஈசியூவை எழுப்ப வேண்டும். பல வண்டிகளில் ஒயரைச் சரியாக 25 மில்லி விநாடி கீழே இழுத்து, அடுத்த 25 மில்லி விநாடி மேலே விட்டு, அப்புறம் முதல் செய்தியை அனுப்ப வேண்டும். இந்தத் தாளம் தவறினால் ஈசியூ காது கொடுக்காது. பேச்சு தொடங்கிய பிறகும் லேப்டாப் அவ்வப்போது ஏதாவது கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். சுமார் 5 விநாடி மௌனமாக இருந்தால் ஈசியூ இணைப்பை முடித்துக்கொண்டுவிடும். “கனெக்ட் ஆகுது, உடனே கட் ஆகுது” என்று சொல்பவர்களில் நிறையப் பேருக்குக் காரணம் இந்த நேரக் கணக்குதான். லேப்டாப்பில் யுஎஸ்பி கேபிளின் டிரைவர் அமைப்புக்குள் போனால் ‘லேட்டன்சி’ என்று ஒரு நேரம் இருக்கும். எஃப்டிடிஐ சிப் கொண்ட கேபிள்களில் அது வழக்கமாக 16 மில்லி விநாடி. அதை 1 அல்லது 2 ஆகக் குறைத்தாலே பல சமயம் இணைப்பு நிலைத்துவிடும்.

புதிய வண்டிகளில் இருப்பது கேன். பாஷ் நிறுவனம் 1986இல் உலகுக்கு அறிமுகப்படுத்திய முறை. இதில் ஒன்றோடொன்று முறுக்கிய இரண்டு ஒயர்கள். சும்மா இருக்கும்போது இரண்டிலும் 2.5 வோல்ட். செய்தி போகும்போது ஒன்று 3.5க்கு ஏறும், மற்றது 1.5க்கு இறங்கும். கேட்பவர் பார்ப்பது இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும்தான். இக்னிஷன் காயிலிலிருந்து வரும் மின் இரைச்சல் இரண்டு ஒயரையும் ஒரே மாதிரி அசைப்பதால் வித்தியாசம் மாறுவதில்லை. பிளக் பொறி தெறிக்கும் இடத்துக்கு அரை மீட்டர் தூரத்தில் கணினிகள் பிசகாமல் பேசிக்கொள்ள முடிவது இதனால்தான். இந்த யோசனையை முதலில் புரிந்துகொண்டபோது எனக்கு ஏற்பட்ட வியப்பு இன்னும் குறையவில்லை. இந்த ஒயர்களைச் சோதிப்பதும் சுலபம். சாவியை அணைத்துவிட்டு இரண்டுக்கும் நடுவே ஓம்ஸ் பார்த்தால் சுமார் 60 வர வேண்டும். இரு முனையிலும் 120 ஓம்ஸ் ரெசிஸ்டர் இருப்பதால் அந்தக் கணக்கு. 120 காட்டினால் ஒரு முனை எங்கோ விட்டுப்போயிருக்கிறது.

ஆக, நடுவில் இருக்கும் கருவி இரண்டு வேலை செய்கிறது: வோல்ட்டை மாற்றுகிறது, மொழியை மாற்றுகிறது. பரவலாகக் கிடைப்பது ஈஎல்எம்327 வகை. யுஎஸ்பியிலும் ப்ளூடூத்திலும் வரும். அசல் சிப்பைத் தயாரித்தது ஒரு கனடிய நிறுவனம். சந்தையில் இருப்பதில் பெரும்பகுதி நகல். நகல்களில் சில கேன் முறையை மட்டும் ஒழுங்காகப் பேசும், கே-லைனில் திணறும். வெளியட்டையில் எல்லா முறைகளின் பெயரும் அச்சிட்டிருக்கும், அதை நம்ப முடியாது. உங்கள் வண்டி கே-லைன் என்றால், எஃப்டிடிஐ சிப் வைத்த நேரடி கே-லைன் கேபிள் வாங்குவதே நல்லது. ப்ளூடூத் படிப்பதற்குப் போதும். ஈசியூவில் எதையாவது எழுதுவதாக இருந்தால் ஒயர் தவிர வேறெதையும் நான் பயன்படுத்த மாட்டேன்.

மென்பொருளில் மூன்று வகை உண்டு. நிறுவனங்களின் சொந்த மென்பொருள், அதாவது சுசுகியின் எஸ்டிஎஸ், கவாசாகியின் கேடிஎஸ் போன்றவை, எல்லாவற்றையும் காட்டும். ஆனால் சர்வீஸ் சென்டர்களுக்கென்று செய்தவை. அடுத்து, சில வண்டிகளுக்கென்றே ஆர்வலர்கள் எழுதியவை. ட்ரையம்ஃப், கேடிஎம் வைத்திருப்பவர்களுக்கு டியூன்ஈசியூ நன்கு தெரிந்த பெயர். மூன்றாவது, காருக்கென்று எழுதிய பொதுவான ஓபிடி மென்பொருள். யூரோ 5 வண்டிகள் பலவற்றில் இது அடிப்படை வேலைக்குப் போதும். பழைய வண்டியில் பெரும்பாலும் ‘ஈசியூ கிடைக்கவில்லை’ என்றுதான் வரும். அதனால் வாங்கும் வரிசை முக்கியம். முதலில் வண்டி எந்த முறையில் பேசுகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள், பிறகு அதற்கான மென்பொருள், கடைசியில்தான் கேபிள். பலர் கேபிளை முதலில் வாங்கிவிட்டு மாட்டிக்கொள்கிறார்கள்.

மாட்டும் நாள்

சரி, எல்லாம் கையில் இருக்கிறது. முதலில் பேட்டரியைப் பாருங்கள். நிற்கும் வண்டியில் 12.6 வோல்ட்டுக்குப் பக்கத்தில் இருந்தால் நல்லது. சாவியைப் போட்டு இன்ஜின் ஓடாமல் வைத்திருக்கும்போது பல வண்டிகளில் ஹெட்லைட் எரிந்துகொண்டேயிருக்கும். கால் மணி நேரத்தில் சின்ன பேட்டரி சோர்ந்துவிடும். வோல்ட் குறைந்தால் ஈசியூ குழம்பி, இல்லாத பழுதுக்கெல்லாம் குறியீடு எழுதும். நீண்ட நேரம் உட்காரப்போகிறீர்கள் என்றால் பேட்டரிக்குச் சார்ஜரை மாட்டிவிடுங்கள். லேப்டாப்பை அதன் சொந்த பேட்டரியிலேயே ஓட விடுங்கள். சுவர் மின்சாரத்தின் எர்த்தும் வண்டியின் எர்த்தும் கலந்து தொல்லை கொடுப்பது அதனால் தவிரும்.

சாவி அணைந்திருக்கும்போதே கருவியை வண்டியில் மாட்டுங்கள். பிறகு யுஎஸ்பியை லேப்டாப்பில் சொருகுங்கள். அப்புறம் சாவியைப் போட்டு, கில் சுவிட்சை (ஹேண்டில்பாரில் இன்ஜினை அணைக்கும் சுவிட்ச்) ஓடும் நிலையில் வையுங்கள். கில் சுவிட்ச் அணைந்திருந்தால் பல வண்டிகளில் ஈசியூவுக்கே மின்சாரம் போகாது. இதை மறந்து கேபிளைச் சந்தேகிப்பது சர்வ சாதாரணம். பெட்ரோல் பம்ப் இரண்டு மூன்று விநாடி ஓடி நிற்கும் சத்தம் கேட்டால் ஈசியூ விழித்துவிட்டது என்று அர்த்தம். அடுத்து மென்பொருளில் கேபிளுக்கு லேப்டாப் கொடுத்திருக்கும் சரியான காம் போர்ட் எண்ணைத் தேர்ந்தெடுக்க வேண்டும். விண்டோஸில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, கேபிளைச் சொருகும்போது புதிதாக எந்த எண் முளைக்கிறது என்று பார்த்தால் தெரிந்துவிடும். எண் எதுவும் முளைக்கவில்லை என்றால் டிரைவர் ஏறவில்லை. எண் இருந்தும் ‘போர்ட்டைத் திறக்க முடியவில்லை’ என்று வந்தால், வேறொரு மென்பொருள் அதைப் பிடித்துக்கொண்டிருக்கும். ஒரு போர்ட்டை ஒரு நேரத்தில் ஒரு மென்பொருள்தான் வைத்துக்கொள்ள முடியும்.

இன்ஜினை ஓட்டிப் பார்க்கப்போகிறீர்கள் என்றால் திறந்த வெளியில் செய்யுங்கள். திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது நேரம் போவது தெரியாது. மூடிய அறையில் கார்பன் மோனாக்சைடு சேர்வது அதைவிடத் தெரியாது, அதற்கு வாசனையே கிடையாது. சென்டர் ஸ்டாண்டில் கியர் போட்டு ஓட்டும்போது கேபிள் செயின் பக்கம் தொங்காமல் கட்டிவையுங்கள்.

இணைப்பு கிடைத்தபின் உள்ளே நடப்பது ஒரு கேள்வி பதில் விளையாட்டுதான். பொது ஓபிடி முறையில் லேப்டாப் ‘01 05’ என்று அனுப்புகிறது. 01 என்றால் இப்போதைய தகவல் வேண்டும், 05 என்றால் கூலண்ட் வெப்பநிலை. ஈசியூ ‘41 05 78’ என்று பதில் சொல்கிறது. 41 என்பது உன் 01க்குப் பதில் என்ற அடையாளம். 78தான் விஷயம். இது பதினாறை அடிப்படையாகக் கொண்ட எண் என்பதால் 7 × 16 + 8 = 120. விதிப்படி அதில் 40ஐக் கழிக்க வேண்டும். 80 டிகிரி. உறைநிலைக்குக் கீழே உள்ள வெப்பத்தையும் குறிக்க வேண்டும் என்பதற்காக இந்த 40ஐக் கழிக்கும் ஏற்பாடு. ஒரு பைட்டில் மிகக் குறைந்த எண் 0. 0இலிருந்து 40 போனால் மைனஸ் 40.

முதலில் பார்த்த அந்த எண் இங்கிருந்துதான் வருகிறது. கூலண்ட் சென்சார் ஒரு தெர்மிஸ்டர். குளிர்ந்தால் அதன் ரெசிஸ்டன்ஸ் கூடும், சூடானால் குறையும். ரெசிஸ்டன்ஸ் கூடக் கூட ஈசியூ பக்கம் வோல்ட் ஏறும். ஒயர் அறுந்தால் ரெசிஸ்டன்ஸ் எல்லையில்லாமல் போய், முழு 5 வோல்ட்டும் நிற்கும். ‘இதைவிடக் குளிர் இருக்க முடியாது’ என்று ஈசியூ புரிந்துகொள்கிறது. கடும் குளிர் என்று நம்பினால் என்ன செய்யும்? பெட்ரோலை அதிகமாகத் தெளிக்கும். சூடான இன்ஜின் மிதமிஞ்சிய பெட்ரோலில் தடுமாறும், ஸ்பார்க் பிளக் கறுக்கும், புகையில் பெட்ரோல் வாடை அடிக்கும். கறுத்த பிளக்கைப் பார்த்துப் பிளக்கை மாற்றினால் இரண்டு நாளில் அதுவும் கறுக்கும். சில ஈசியூக்கள் ஒயர் அறுந்ததைக் கண்டுபிடித்ததும், பாதுகாப்பாக இருக்கட்டும் என்று 80 டிகிரி போல ஒரு பதிலி எண்ணைத் தானே வைத்துக்கொள்ளும். ரேடியேட்டர் விசிறியையும் ஓடவிட்டுவிடும். அந்த மாதிரி வண்டியில் எண் அசையாமல் நிற்பதுதான் துப்பு.

குறியீடு சொல்வதும் சொல்லாததும்

இந்தப் பழுதுக்கு வரும் குறியீடு பி 0118. தலையில் உள்ள ‘பி’ இன்ஜின், கியர் சம்பந்தப்பட்டது என்பதைக் குறிக்கும். அடுத்த 0 எல்லா நிறுவனத்துக்கும் பொதுவான குறியீடு என்பதைச் சொல்லும். அங்கே 1 இருந்தால் அந்த நிறுவனம் தனக்கென்று வைத்துக்கொண்டது, அதன் மேனுவலில்தான் பொருள் தெரியும். பி 0118இன் பொருள் ‘கூலண்ட் வெப்பநிலை சர்க்யூட்டில் வோல்ட் அதிகம்’. கவனியுங்கள், சென்சார் கெட்டுவிட்டது என்று எங்கேயும் இல்லை. சர்க்யூட் என்றால் சென்சார், கப்ளர், இரண்டு ஒயர், ஈசியூவில் அவை சேரும் உலோக முனை எல்லாம் சேர்ந்தது. இதில் எது என்று கண்டுபிடிக்க ஓர் எளிய சோதனை உண்டு. சென்சாரின் கப்ளரைக் கழற்றி, அதன் இரண்டு ஒயரையும் சின்னக் கம்பியால் ஒன்று சேர்த்துப் பாருங்கள். திரையில் வெப்பநிலை ஒரேயடியாக உச்சத்துக்குத் தாவினால் ஒயரும் ஈசியூவும் நன்றாக இருக்கின்றன. பழுது சென்சாரிலோ அதன் கப்ளர் பின்களிலோ. தாவவில்லை என்றால் ஒயர் எங்கோ அறுந்திருக்கிறது. இதை இரண்டு ஒயர் வெப்பநிலை சென்சாரில் மட்டும் செய்யுங்கள். மூன்று ஒயர் சென்சாரில் செய்தால் 5 வோல்ட்டை எர்த்தோடு சேர்த்துவிடும் அபாயம் இருக்கிறது.

நண்பர் ஒருவரின் வண்டியில் பி 0122 வந்தது. த்ராட்டில் சென்சார் வோல்ட் குறைவு. சென்சாரை மாற்றினார். ஒரு வாரத்தில் அதே குறியீடு மறுபடி. பிறகு லேப்டாப்பை மாட்டி, த்ராட்டில் எண்ணைத் திரையில் ஓடவிட்டு, இன்ஜினை அணைத்த நிலையில் ஒயர் கட்டை ஒவ்வோர் இடமாகப் பிடித்து ஆட்டிப் பார்த்தோம். எதுவும் அசையவில்லை. கடைசியில் ஹேண்டில்பாரை இடது கோடிக்குத் திருப்பியபோது எண் சட்டென்று 0க்கு விழுந்து மீண்டது. ஸ்டியரிங் கழுத்துக்குப் பின்னால் ஒயர் கட்டு ஃப்ரேமில் உரசி, ஒரு ஒயரின் தோல் தேய்ந்து செம்பு தெரிந்தது. இன்சுலேஷன் டேப் சுற்றி, கட்டின் பாதையைக் கொஞ்சம் மாற்றியதோடு முடிந்தது. புது சென்சார் தேவையே பட்டிருக்காது. ஒயர் ஆட்டும் இந்தச் சோதனைக்காக மட்டுமே லேப்டாப் வைத்துக்கொள்ளலாம் என்பேன். விட்டுவிட்டு வரும் பழுதை மல்டிமீட்டரால் பிடிப்பது கடினம். பதிவு செய்யும் மென்பொருளில் அது ஒரு பள்ளமாகக் கோட்டில் விழுந்துவிடும்.

ஒரே நேரத்தில் நான்கைந்து சென்சாருக்குக் குறியீடு வந்தால் அத்தனையும் ஒரே நாளில் கெட்டிருக்க வாய்ப்பில்லை. அவற்றுக்குப் பொதுவாக என்ன இருக்கிறது என்று யோசியுங்கள். 5 வோல்ட் ஒயர், எர்த் முடிச்சு, பேட்டரி முனை, நீர் இறங்கிய ஒரு கப்ளர். இவற்றில் ஒன்றாக இருக்கும்.

குறியீட்டை அழிக்கும் பொத்தான் எல்லா மென்பொருளிலும் இருக்கிறது. அதை அழுத்துவதற்கு முன் குறியீட்டைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். சில ஈசியூக்கள் பழுது நடந்த கணத்தில் இன்ஜின் எத்தனை சுற்றில், எத்தனை டிகிரியில் இருந்தது என்பதையும் சேர்த்து வைத்திருக்கும். அழித்தால் அதுவும் போய்விடும். எழுதிய பிறகு அழித்துவிட்டு, ஓட்டிப் பார்த்து, எது திரும்பி வருகிறது என்று பாருங்கள். திரும்பி வருவதுதான் உயிரோடு இருக்கும் பழுது. மற்றவை எப்போதோ கப்ளரைக் கழற்றியபோது பதிந்த பழைய குறிப்பாக இருக்கலாம்.

குறியீடே வராத பழுது இன்னும் சுவாரசியமானது. ஈசியூ எல்லைக்கு வெளியே போனதைத்தான் முக்கியமாகக் கவனிக்கிறது. எல்லைக்குள்ளேயே பொய் சொல்லும் சென்சாரை அது பல சமயம் நம்பிவிடும். அதைப் பிடிக்க எனக்கு மிகவும் பிடித்த சோதனை காலையில் செய்வது. இரவு முழுக்க நின்ற வண்டியில், இன்ஜினை ஓட்டாமல் சாவியை மட்டும் போட்டுப் பாருங்கள். கூலண்ட் வெப்பநிலையும் காற்றின் வெப்பநிலையும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். இரண்டும் ஒரே காற்றில்தானே இரவெல்லாம் நின்றன? 15 டிகிரி வித்தியாசம் இருந்தால் ஒன்று பொய் சொல்கிறது. அதே நேரத்தில் காற்றழுத்த சென்சாரைப் பாருங்கள். இன்ஜின் ஓடாதபோது அது வெளிக்காற்றின் அழுத்தத்தைக் காட்ட வேண்டும், கடல்மட்டத்தில் சுமார் 101 கிலோபாஸ்கல். மலையேறினால் ஒவ்வொரு 1000 மீட்டருக்கும் 11 அல்லது 12 குறையும். இன்ஜினை ஓட்டியதும், ஐட்லிங்கில் அது நன்றாகக் கீழே இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் அழுத்தக் குழாய் கழன்றிருக்கலாம், எங்கிருந்தோ காற்று புகுந்துகொண்டிருக்கலாம்.

த்ராட்டிலை மிக மெதுவாகத் திருப்புங்கள். எண் படிப்படியாக ஏற வேண்டும், நடுவில் எங்கும் குதிக்கவோ விழவோ கூடாது. ‘குறைந்த வேகத்தில் ஒரு இடத்தில் மட்டும் வெட்டுது’ என்ற புகாருக்கு இதில் விடை கிடைப்பது உண்டு. சூடான இன்ஜினில் ஆக்சிஜன் சென்சாரின் வோல்ட் 0.1க்கும் 0.9க்கும் நடுவே ஓயாமல் ஊசலாட வேண்டும். பெட்ரோல் கூடினால் மேலே, குறைந்தால் கீழே. ஈசியூ திருத்திக்கொண்டே இருக்கிறது என்பதற்கு அந்த ஊசலாட்டமே அடையாளம். ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டிருந்தால் விசாரிக்க வேண்டும். பேட்டரி வோல்ட்டையும் விடாதீர்கள். 5000 சுற்றில் 14 வோல்ட்டை ஒட்டி இல்லையென்றால் பேட்டரிக்குச் சார்ஜ் கொடுக்கும் ரெகுலேட்டர் ரெக்டிஃபையர் பக்கம் போக வேண்டும்.

லேப்டாப் காட்டாதது நிறைய இருக்கிறது. கம்ப்ரஷன் குறைந்தது, வால்வு இடைவெளி தவறியது, ஏர் ஃபில்டர் அடைத்தது, பிளக் தேய்ந்தது எதையும் அது நேராகச் சொல்லாது. பெரும்பாலான பைக்குகளில் பெட்ரோல் அழுத்தத்தை அளக்கும் சென்சாரே கிடையாது. பம்ப் சோர்ந்தால் ஈசியூவுக்குத் தெரியாது, அது வழக்கம்போல இன்ஜெக்டரைத் திறந்து மூடிக்கொண்டிருக்கும். திரையில் எல்லாம் ஒழுங்காக இருந்தும் வண்டி இழுக்கவில்லை என்றால், லேப்டாப்பை மூடிவிட்டு ஸ்பேனரை எடுங்கள்.

படிப்பது ஒன்று, எழுதுவது வேறு. ஈசியூவின் பெட்ரோல் அட்டவணையை மாற்றி எழுதும் வசதி சில மென்பொருளில் இருக்கிறது. நடுவில் பேட்டரி இறங்கினாலோ, கேபிள் அசைந்தாலோ, லேப்டாப் தூங்கிவிட்டாலோ ஈசியூ பாதி எழுதிய நிலையில் நின்று, வண்டி கிளம்பாமலே போகலாம். புதியவர்கள் முதல் சில மாதங்கள் படிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். படிப்பதால், மாட்டும் பிளக் சரியாக இருக்கும்வரை, வண்டிக்கு எந்தக் கெடுதலும் வராது.

பழுது வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். வண்டி நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நாளில் லேப்டாப்பை மாட்டுங்கள். காலைக் குளிரில் சாவி மட்டும் போட்ட நிலையில் ஒருமுறை, நன்கு சூடான பின் ஐட்லிங்கில் ஒருமுறை, 4000 சுற்றில் நிலையாகப் பிடித்து ஒருமுறை. மூன்று நேரமும் வெப்பநிலைகள், காற்றழுத்தம், மூடிய த்ராட்டிலின் வோல்ட், இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரம், பேட்டரி வோல்ட் எல்லாவற்றையும் தேதி போட்டுச் சேமித்துவையுங்கள். மேனுவலில் இருப்பது எல்லா வண்டிக்குமான எண், இது உங்கள் வண்டியின் எண். ஒருநாள் ஐட்லிங் லேசாகத் தடுமாறும்போது, அந்தப் பழைய கோப்பைப் பக்கத்தில் திறந்துவைத்து எந்த எண் நகர்ந்திருக்கிறது என்று பார்த்தால் போதும், எங்கிருந்து தேடத் தொடங்குவது என்று தெரிந்துவிடும்.